மும்பையில் சொகுசு ஃப்ளாட் வாடகைக்கு எடுப்பவர்களுக்கு: மாட்டுங்கா முதல் லோயர் பரேல் வரை, அடிக்கடி வரும் கேள்விகள்

சென்னை, கோவை, பெங்களூரு பக்கமிருந்து வேலை மாற்றலாகி மும்பை வரும் தமிழ்க் குடும்பங்கள், இங்கேயே பல காலமாக இருக்கும் எங்களைப் போன்றவர்களிடம் கேட்கும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றேதான். மாத வாடகை லட்சத்தைத் தாண்டும் வீட்டை, அதுவும் எந்நேரமும் ஜனம் நிரம்பிய பகுதியில் எடுக்கப் போகிறவர்களுக்காக அந்தப் பதில்களை இங்கே எழுதுகிறேன். என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லாபியின் அலங்காரத்தையும் மாடி நீச்சல்குளத்தையும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். தூக்கம், தண்ணீர், லிஃப்ட், பார்க்கிங், ஆபீஸ் போய்வரும் நேரம் என்று தினமும் உங்கள் உடம்பு உணரும் விஷயங்களுக்குக் காசு கொடுங்கள். பேசியதை எல்லாம் பதிவான ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

எந்த ஏரியாவில் பார்ப்பது? தமிழர்கள் இருக்கும் இடமாக இருந்தால் நல்லது என்று வீட்டில் சொல்கிறார்கள்.

முதலில் ஆபீஸ் எங்கே என்று சொல்லுங்கள். இந்த ஊரில் தூரத்தைக் கிலோமீட்டரில் அளப்பதில்லை, எந்த ரயில் லைன் என்றுதான் கேட்பார்கள். வெஸ்டர்ன், சென்ட்ரல், ஹார்பர் என்ற மூன்று லைன்களில் உங்கள் ஆபீஸ் ஒன்றிலும் வீடு இன்னொன்றிலும் அமைந்துவிட்டால், எவ்வளவு பெரிய வீடாக இருந்தாலும் மாலை வீடு வந்து சேரும்போது அதை அனுபவிக்கத் தெம்பு இருக்காது.

மாட்டுங்காவை நான் இன்றும் முதலில் சொல்வதற்குக் காரணம் அதுதான். சென்ட்ரலுக்கு மாட்டுங்கா, வெஸ்டர்னுக்கு மாட்டுங்கா ரோடு, ஹார்பருக்குக் கிங்ஸ் சர்க்கிள் என்று மூன்று ஸ்டேஷன்களும் நடக்கும் தூரத்தில் கிடைப்பது மும்பையில் அபூர்வம். கறிவேப்பிலை, வாழை இலை, மல்லிகைச் சரம், ஃபில்டர் காபிப் பொடி, ஆஸ்திக சமாஜம், கச்சேரிக்கு சண்முகானந்தா ஹால் எல்லாம் பக்கம். பழைய மூன்று மாடி, நான்கு மாடிக் கட்டடங்களை இடித்து மறுகட்டுமானம் செய்த டவர்களில்தான் புது ஃப்ளாட்டுகள் கிடைக்கும். உள்தெருக்களில் மரநிழல் இருக்கும். கடைத்தெரு ஓரம் என்றால் காலை முதல் ஹார்ன் சத்தம்தான்.

செம்பூரில் அதே வாடகைக்குக் கொஞ்சம் பெரிய வீடு கிடைக்க வாய்ப்பு அதிகம். சேடா நகர் முருகன் கோயில், ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி, தமிழ் பேசும் அக்கம்பக்கம் எல்லாம் உண்டு. 2013இல் ஈஸ்டர்ன் ஃப்ரீவே திறந்த பிறகு தெற்கு மும்பை ஆபீஸுக்குக் காரில் போகிறவர்களுக்கு வசதி. ஆனால் மாஹுல் பக்கம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் இருக்கின்றன. காற்று திரும்பும் நாட்களில் வாசனை வரும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

லோயர் பரேல், வொர்லி, பிரபாதேவி, லால்பாக் பக்கம்தான் மிக உயரமான டவர்கள். ஒரு காலத்தில் அது பருத்தி மில்களின் பகுதி. 1982 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு மில்கள் ஒவ்வொன்றாக மூடி, அந்த நிலத்தில்தான் இன்றைய மால்களும் கோபுரங்களும் எழுந்தன. அதனால் உள்ளே ஐந்து நட்சத்திர ஹோட்டல் மாதிரி இருக்கும் வளாகத்தின் கேட்டுக்கு வெளியே இருப்பது மில் காலத்துத் தெருவின் அகலம்தான். கணபதி திருவிழா நாட்களில் லால்பாக் பக்கம் காரை வெளியே எடுக்கவே யோசிக்க வேண்டும். திருவிழாவை ரசிப்பவர்களுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆரேயிலிருந்து பிகேசி (பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ்), தாதர், சித்திவிநாயக், வொர்லி வழியாகக் கஃப் பரேட் வரை போகும் மெட்ரோ மூன்றாவது லைன் 2025 அக்டோபரில் முழுமையாகத் திறந்தது. ஆபீஸ் பிகேசியிலோ நரிமன் பாயிண்ட் பக்கமோ இருந்தால், இந்த லைனின் ஸ்டேஷனுக்கு நடந்து போகும் தூரத்தில் கொஞ்சம் சின்ன வீடு எடுப்பது, தள்ளிப் போய்ப் பெரிய வீடு எடுப்பதைவிட மேல் என்பேன்.

டெபாசிட் எவ்வளவு கேட்பார்கள்?

மும்பையில் மூன்று முதல் ஆறு மாத வாடகை சகஜம். பத்து மாதம் கேட்டுப் பழகிய பெங்களூரு, பழைய சென்னை வழக்கத்தோடு ஒப்பிட்டால் குறைவுதான். தமிழ்நாட்டில் 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிட்டால் மூன்று மாதம் என்கிறது. மத்திய அரசின் 2021 மாதிரிச் சட்டம் வீடுகளுக்கு இரண்டு மாதம் என்கிறது. ஆனால் மாதிரிச் சட்டம் என்பது மாநிலம் தன் சட்டமாக இயற்றினால்தான் செல்லும். மும்பையில் நடப்பது 1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். எனவே ஓனரிடம் "சட்டப்படி இரண்டு மாதம்தானே" என்று வாதாடிப் பயனில்லை. பேரம் பேசலாம். வாடகையைக் குறைக்க மறுக்கும் ஓனர்கூட, கம்பெனி வேலை, குடும்பம் என்று தெரிந்தால் டெபாசிட்டில் ஒரு மாதம் விட்டுக்கொடுப்பார்.

டெபாசிட்டை ஒருபோதும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வங்கி வழியாக, ஒப்பந்தத்தில் பெயர் உள்ளவரின் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள். ஃப்ளாட் கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருந்தால், யார் கணக்குக்குப் போகிறது என்பதையும் பரிவர்த்தனை எண்ணையும் ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

"லீவ் அண்ட் லைசென்ஸ்" என்கிறார்களே, நம் ஊர் வாடகை ஒப்பந்தம் போலத்தானா?

பார்க்க அப்படித்தான் இருக்கும், சட்டத்தில் வேறு. 1947ஆம் ஆண்டின் பழைய பம்பாய் வாடகைச் சட்டம் குடியிருப்பவருக்கு மிகவும் சாதகமாக இருந்தது. இன்றும் பழைய கட்டடங்களில் பகடி முறையில், அதாவது முன்பு ஒரு பெரிய தொகை கொடுத்துக் குடியிருப்பு உரிமை பெற்று, மிகச் சொற்ப வாடகைக்கு இருப்பவர்கள் உண்டு. அந்தப் பயத்தால்தான் ஓனர்கள் "குத்தகை" என்ற சொல்லையே தவிர்த்து, குறிப்பிட்ட காலத்துக்கு வீட்டைப் பயன்படுத்த அனுமதி மட்டும் தருகிறார்கள். வாடகை என்பது லைசென்ஸ் கட்டணம், நீங்கள் லைசென்ஸி.

இதில் இரண்டு பிரிவுகளைத் தெரிந்துகொண்டே ஆகவேண்டும். அந்த 1999 சட்டத்தின் 55ஆம் பிரிவுப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் ஆக வேண்டும். பதிவு செய்யும் பொறுப்பு ஓனருடையது. தவறினால் மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். பதிவாகாத நிலையில் தகராறு வந்தால், நிபந்தனைகள் பற்றி வாடகைதாரர் சொல்வதுதான், தவறென்று நிரூபிக்கப்படும் வரை, எடுபடும். அடுத்தது 24ஆம் பிரிவு. காலம் முடிந்ததும் வீட்டை ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்காமல் உட்கார்ந்திருந்தால் இரட்டிப்புக் கட்டணம் நஷ்ட ஈடாகக் கேட்கலாம். பிள்ளையின் பரீட்சை முடியட்டும், இன்னும் ஒரு மாதம் இருக்கலாம் என்று வாய்ப்பேச்சில் நம்பியிருக்காதீர்கள். நீட்டிப்பையும் எழுத்தில் வாங்குங்கள்.

11 மாதம் போட்டால் பதிவு வேண்டாம் என்று புரோக்கர் சொல்கிறார். சரியா?

தவறு. 11 மாதம், 24 மாதம், 36 மாதம் எதுவானாலும் இங்கே பதிவு கட்டாயம். செலவும் பயப்படும் அளவுக்கு இல்லை. முத்திரைத் தீர்வை மொத்த வாடகையோடு, திருப்பித் தரும் டெபாசிட்டுக்கு ஆண்டுக்கு 10 சதவீத வட்டியைச் சேர்த்து, அதில் 0.25 சதவீதம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாத வாடகை 1,50,000, காலம் 24 மாதம், டெபாசிட் 6,00,000. மொத்த வாடகை 36,00,000. டெபாசிட்டுக்கு இரண்டு வருட வட்டி 1,20,000. ஆக 37,20,000க்கு 0.25 சதவீதம் என்றால் 9,300 ரூபாய். பதிவுக் கட்டணம் மாநகராட்சிப் பகுதியில் 1,000 ரூபாய். இதோடு ஏஜெண்டின் சேவைக் கட்டணம். பெரும்பாலும் ஆதாரும் கைரேகையும் வைத்து ஆன்லைனிலேயே முடிகிறது, ஏஜெண்ட் கருவியோடு வீட்டுக்கே வருவார். யார் செலவு என்பது பேச்சுவார்த்தை, பாதிப் பாதி என்பது வழக்கம்.

குழந்தைகள் பள்ளியில் படிப்பவர்கள் 24 அல்லது 36 மாதத்துக்கே போடுங்கள். 11 மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும்போதெல்லாம் புரோக்கர் மறுபடி கமிஷன் கேட்பதும், ஓனர் வாடகையை ஏற்றிக் கேட்பதும் தொடரும்.

ஒப்பந்தத்தில் என்னென்ன இருக்க வேண்டும்?

லாக்-இன், அதாவது நடுவில் காலி செய்ய முடியாத காலம், எத்தனை மாதம், அது இரு தரப்புக்குமா உங்களுக்கு மட்டுமா என்று பாருங்கள். உங்களை மட்டும் கட்டிவைத்து, ஓனர் ஒரு மாத நோட்டீஸில் அனுப்பலாம் என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். உயர்வாடகை வீடுகளில் இதற்காக மெனக்கெட்டுப் பேசுங்கள். ஆபீஸில் திடீரென்று ஊர் மாற்றினால் லாக்-இன்னிலிருந்து விலக்கு என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னால் பலர் ஒப்புக்கொள்கிறார்கள்.

வருடாந்தர உயர்வு எத்தனை சதவீதம், ஏசி சர்வீஸ் யார் செலவு, கசிவு வந்தால் எத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும், பெயின்ட் அடிக்கக் காசு பிடிப்பாரா, பார்க்கிங் இடத்தின் எண் என்ன, கிளப்ஹவுஸ் உபயோகம் வாடகைக்குள் அடக்கமா என்பதெல்லாம் எழுத்தில் வரட்டும். வீட்டில் உள்ள சாமான்களின் பட்டியல், அவற்றின் மாடல், நிலை, ஏற்கெனவே உள்ள கீறல் கறைகளோடு, இணைப்பாகப் போகட்டும். குடிபோகும் நாளில் ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுத்து ஓனருக்கு அன்றைக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

புரோக்கர் கமிஷன்?

வழக்கமாக ஒரு மாத வாடகை. ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் என்றால் 18 சதவீதம் கூடும். வீடு காட்டும் முன்பே "விசிட் சார்ஜ்" கேட்பவரை விட்டுவிடுங்கள்.

சொசைட்டி (கட்டடத்தின் வீட்டுச் சங்கம்) இன்டர்வியூ என்கிறார்களே. அசைவம் சாப்பிடுவோம் என்று சொன்னால் வீடு கிடைக்காதா?

இதில் மனம் புண்படும் அனுபவங்கள் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. "வெஜ் யா நான்-வெஜ்?" என்பது பல இடங்களில் பெயரைக் கேட்கும் முன்பே வரும் கேள்வி. தனியாக இருக்கும் பெண்கள், கல்யாணமாகாதவர்கள், முஸ்லிம் குடும்பங்கள் இன்னும் அதிகமாகக் கதவடைப்பைச் சந்திக்கிறார்கள். மனிதர்களை இப்படிப் பிரித்துப் பார்ப்பது தவறு என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. ஆனாலும் மறைத்துக் குடிபோகாதீர்கள். மீன் பொரித்த நாளில் பக்கத்து ஃப்ளாட்டோடு தகராறு என்று ஆரம்பித்தால், எவ்வளவு வாடகை கொடுத்தும் நிம்மதி இருக்காது. வீடு பார்க்கப் போகும் முன்பே போனில் கேட்டுவிட்டால் அலைச்சலும் மிச்சம்.

கூட்டுறவு வீட்டுச் சங்கங்களின் மாதிரி உபவிதிகளின்படி, ஓனர் தன் வீட்டை லீவ் அண்ட் லைசென்ஸில் கொடுக்கச் சங்கத்துக்குத் தகவலும் ஒப்பந்த நகலும் தந்தால் போதும். நடைமுறையில் சங்கத்தின் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) இல்லாமல் கேட்டில் சாமான் வண்டியை விடமாட்டார்கள். எனவே டோக்கன் கொடுக்கும் முன் என்ஓசி யார் பொறுப்பு என்று தெளிவாக்குங்கள். வாடகைக்கு விட்ட வீட்டுக்குச் சங்கம் வசூலிக்கும் நான்-ஆக்குபன்சி கட்டணம் சேவைக் கட்டணத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, அதுவும் ஓனர் கட்ட வேண்டியது. போலீஸ் சரிபார்ப்பும் ஓனரின் பொறுப்பே, மும்பை போலீஸ் தளத்தில் பதிவு செய்யலாம். அந்த ரசீதின் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகை 50,000க்கு மேல் என்றால் டிடிஎஸ் பிடிக்க வேண்டுமாமே?

ஆமாம், இது பலருக்குத் தெரியாமல் பிறகு நோட்டீஸ் வந்து தவிக்கும் இடம். மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால், சம்பளக்காரராக இருந்தாலும் நீங்கள் வரி பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். 2024 அக்டோபர் 1 முதல் விகிதம் 2 சதவீதம், அதற்கு முன் 5 ஆக இருந்தது. மாதாமாதம் பிடிக்க வேண்டியதில்லை. நிதியாண்டின் கடைசி மாதத்திலோ, நடுவில் காலி செய்தால் அந்தக் கடைசி மாதத்திலோ மொத்தமாகப் பிடித்து, அந்த மாதம் முடிந்து 30 நாளுக்குள் ஆன்லைனில் கட்டலாம். மேலே சொன்ன 1,50,000 வாடகைக்கு வருடத்துக்கு 36,000 ரூபாய். அது ஓனரின் வருமான வரிக் கணக்கில் வரவாகும். உங்கள் பான், ஓனரின் பான் இருந்தால் போதும், டான் எண் (வரி பிடித்துக் கட்டுபவருக்கான தனி எண்) வேண்டாம்.

ஓனர் துபாயிலோ அமெரிக்காவிலோ இருக்கும் என்ஆர்ஐ என்றால் கதையே வேறு. மும்பையின் பெரிய டவர்களில் இது அடிக்கடி நடக்கும். அப்போது 50,000 வரம்பு கிடையாது, செஸ் சேர்த்து 31.2 சதவீதம் பிடிக்க வேண்டும், நீங்கள் டான் எண்ணும் வாங்க வேண்டும். ஓனர் வருமான வரித்துறையிடம் குறைந்த விகிதத்துக்குச் சான்றிதழ் வாங்கித் தந்தால் அதன்படி பிடிக்கலாம். "இங்கே இருக்கும் என் அப்பா கணக்குக்கு அனுப்பிவிடுங்கள்" என்று சொன்னாலும் உங்கள் பொறுப்பு மாறாது. வீட்டின் உரிமையாளர் யார், அவர் எந்த நாட்டில் வசிக்கிறார் என்பதை முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். ஒரு ஆடிட்டரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசுவது இங்கே காசுக்குத் தகும்.

பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு ஹெச்ஆர்ஏ (வீட்டு வாடகைப் படி) விலக்கில் மும்பைக்கு அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீத வரம்பு. வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஓனரின் பான் தர வேண்டும். புதிய முறையில் இந்த விலக்கே இல்லை.

கம்பெனி தன் பெயரில் வீடு எடுத்துத் தரும் கம்பெனி லீஸ் எடுக்கலாமா?

கம்பெனி தந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், ஓனர்களுக்கும் பிடிக்கும். ஜிஎஸ்டி பதிவுள்ள கம்பெனி வீட்டை எடுத்தால் வாடகை மேல் 18 சதவீத ஜிஎஸ்டியை 2022 ஜூலை முதல் கம்பெனியே கட்ட வேண்டும். அதை உங்கள் சம்பளக் கணக்கில் ஏற்றுவார்களா என்று ஹெச்ஆரிடம் முதலில் கேளுங்கள்.

வீடு பார்க்கப் போகும்போது எதையெல்லாம் கவனிப்பது?

ஒரே வீட்டை இரண்டு வேளையில் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குப் புரோக்கர் காட்டும் வீடு வேறு, வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு அதே வீடு வேறு. மாலையில் போகும்போது கேட்டிலிருந்து மெயின் ரோடு வரை கார் போக எவ்வளவு நேரம் ஆகிறது, லிஃப்ட்டுக்கு எவ்வளவு நேரம் நிற்க வேண்டியிருக்கிறது என்று நீங்களே நின்று பாருங்கள். நாற்பது மாடியில் பள்ளிப் பேருந்து நேரத்துக்கு லிஃப்ட் கிடைக்காவிட்டால் தினமும் போராட்டம்தான்.

ஜன்னலைத் திறந்து பாருங்கள். புது டவர்களில் கண்ணாடியை மூடினால் அமைதியாகத்தான் இருக்கும், ஆனால் வருடம் பூராவும் மூடியே வைக்க முடியுமா? சட்டப்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல்தான் வரம்பு. ரயில் பாலம், மேம்பாலம், மண்டபம், மைதானம் எதுவும் அருகில் இருந்தால் அந்த வரம்பு காகிதத்தில்தான். மேம்பாலத்தின் உயரத்தில் அமையும் மாடிகள்தான் மிக மோசம். குர்லா, காட்கோபர் பக்கம் என்றால் தரையிறங்கும் விமானங்களின் பாதையும் மேலே.

சத்தத்தில் பலரும் யோசிக்காத ஒன்று, பக்கத்துக் கட்டடத்தின் வயது. மாட்டுங்கா, தாதர், செம்பூர் எங்கும் பழைய கட்டடங்கள் மறுகட்டுமானத்துக்குப் போய்க்கொண்டே இருக்கின்றன. உங்கள் பெட்ரூம் ஜன்னலுக்கு எதிரே நாற்பது ஐம்பது வருடக் கட்டடம் ஒன்று காலியாகிக்கொண்டிருந்தால், அடுத்த சில வருடங்கள் இடிப்பு, பைலிங், கான்கிரீட் வண்டி, தூசி. கீழே வாட்ச்மேனிடமும் மூலையில் உள்ள இஸ்திரிக்காரரிடமும் கேளுங்கள். எந்த பில்டிங் எப்போது காலியாகிறது என்பது புரோக்கரைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

தண்ணீர். ஏழு ஏரிகளை நம்பி இருக்கும் ஊர் இது, பெரும்பாலான பகுதிகளில் மாநகராட்சித் தண்ணீர் சில மணி நேரம்தான் வரும். டவர்கள் தொட்டியில் சேமித்து இருபத்துநான்கு மணி நேரமும் தருகின்றன. மே மாதத்தில் டாங்கர் வாங்கினார்களா என்று கேளுங்கள். கட்டடத்துக்கு ஓசி, அதாவது குடியேற்றச் சான்று, கிடைத்துவிட்டதா என்பதையும் கேளுங்கள். ஓசி இல்லாத பளபள டவர்கள் உண்டு. முறையான தண்ணீர் இணைப்பிலிருந்து பலதும் அங்கே இழுபறிதான்.

மழை. ஜூனுக்கு முன் வீடு பார்ப்பவர்கள் ஏமாறுவது இதில்தான். தாதர், பரேல் நடுவே ஹிந்த்மாதாவும், கிங்ஸ் சர்க்கிள் பக்கம் காந்தி மார்க்கெட்டும் தண்ணீர் நிற்பதற்குப் பெயர்போனவை. ஹிந்த்மாதாவில் மழைநீரைப் பிடிக்க மாநகராட்சி நிலத்தடித் தொட்டிகள் கட்டிய பிறகு நிலைமை தேறியிருக்கிறது. ஆனாலும் பலத்த மழையும் கடல் ஏற்றமும் ஒன்றாக வந்தால் எங்கும் உறுதி இல்லை. 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியதை இங்கே யாரும் மறக்கவில்லை. பேஸ்மென்ட் பார்க்கிங் என்றால் பம்ப் இருக்கிறதா, போன மழையில் தண்ணீர் இறங்கியதா என்று கேட்டே ஆகவேண்டும். வீட்டுக்குள் ஸ்லைடிங் ஜன்னல்களின் கீழ்ச் சட்டம், மேற்குப் பக்கச் சுவர், பாத்ரூம் சீலிங், வார்ட்ரோபின் பின்பலகை ஆகியவற்றைத் தொட்டுப் பாருங்கள். புதுப் பெயின்ட் ஒரு சுவரில் மட்டும் என்றால் காரணம் கேளுங்கள்.

பார்க்கிங்கையும் விடாதீர்கள். "ஒரு கார் பார்க்கிங் உண்டு" என்பது இயந்திரத் தட்டில் ஏற்றும் பார்க்கிங்காக இருக்கலாம். உயரமான எஸ்யூவி அதில் ஏறாது. காரை ஒருமுறை உள்ளே விட்டுப் பார்த்த பிறகு முடிவு சொல்லுங்கள். புறாத் தொல்லைக்கு வலை போட்டிருக்கிறதா, போட சொசைட்டி அனுமதிக்கிறதா என்றும் கேளுங்கள்.

கார்பெட் ஏரியா, பில்ட்-அப், சூப்பர் பில்ட்-அப் என்று குழப்புகிறார்கள்.

ரேரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டப்படி கார்பெட் என்பது வீட்டுக்குள் நீங்கள் புழங்கும் தரை. உள்சுவர்கள் சேரும். வெளிச்சுவர், பால்கனி, திறந்த மாடி சேராது. வாடகை விளம்பரத்தில் எந்தக் கணக்கு என்று யாரும் சொல்லமாட்டார்கள், அதனால் டேப்பை எடுத்துப் போய் அளந்துவிடுங்கள். சென்னையில் கொண்டாடிய பெரிய சோபாவும் தேக்குக் கட்டிலும் இங்கே பெட்ரூம் கதவைத் தாண்டாமல் போகலாம்.

நம் வீட்டுச் சமையலுக்கு இந்த வீடுகள் ஒத்துவருமா? கோலம், பூஜை?

நல்ல கேள்வி, டெபாசிட்டில் கை வைக்கும் கேள்வியும்கூட. இத்தாலிய மார்பிள் தரை இருக்கிறதே, அது சுண்ணாம்புக் கல் இனம். புளி, எலுமிச்சை, தக்காளி ரசம் என்று புளிப்பு எது பட்டாலும் மெருகு அரித்துப் போகும். மஞ்சள் கறை இறங்கிவிட்டால் துடைத்துப் போகாது. சமையல் மேடை கிரானைட்டோ குவார்ட்ஸோ என்றால் கவலை குறைவு, மார்பிள் என்றால் அந்த வீட்டை நான் எடுக்கமாட்டேன். திறந்த கிச்சன் என்றால் சிம்னியின் புகை வெளியே போகிறதா, ஃபில்டர் வழியாக அறைக்குள்ளேயே திரும்புகிறதா என்று பாருங்கள். இரண்டாவது வகையில் சாம்பாருக்குத் தாளித்த வாசனை மறுநாளும் திரைச்சீலையில் இருக்கும்.

கிரைண்டரை வைக்க உறுதியான மேடையும் பிளக்கும் டிரை பால்கனியில் (துணி துவைக்க, உலர்த்த ஒதுக்கிய சின்ன பால்கனி) இருக்கிறதா பாருங்கள். ராத்திரி மாவாட்டினால் கீழ்வீட்டுக்காரர் இன்டர்காமில் கூப்பிடுவார், மாலையிலேயே ஆட்டிவிடுங்கள். சாம்பிராணி, ஹோமம் போடும்போது ஸ்மோக் டிடெக்டர் கத்தும். கிரகப்பிரவேசம் மாதிரி ஏதாவது செய்வதானால் செக்யூரிட்டிக்கு முன்கூட்டிச் சொல்லுங்கள். வாசலில் அரிசிமாக் கோலம் போடப் பெரும்பாலும் ஆட்சேபம் இல்லை. செம்மண், பெயின்ட் கோலம் வேண்டாம், பொதுத் தரையில் கறை படிந்தால் உங்கள் ஓனருக்குத்தான் பில் வரும்.

வயதான அப்பா அம்மா கூட இருப்பார்கள். உயர மாடி பரவாயில்லையா?

முடிந்தால் கீழ் மாடிகளில் பாருங்கள். காட்சி குறைவு, வாடகையும் குறைவு. உயரமான கட்டடங்களில் தீ நேரத்தில் ஒதுங்கி நிற்க ரெஃப்யூஜ் ஏரியா இருக்கும். அது பூட்டியோ சாமான் குவித்தோ இருந்தால் அந்தச் சொசைட்டி கமிட்டியின் லட்சணம் தெரிந்துவிடும். மகாராஷ்டிரத் தீத்தடுப்புச் சட்டப்படி ஆண்டுக்கு இருமுறை, ஜனவரியிலும் ஜூலையிலும், தீயணைப்புக் கருவிகள் வேலை செய்கின்றன என்று உரிமம் பெற்ற நிறுவனத்தின் சான்று சமர்ப்பிக்க வேண்டும். கடைசிச் சான்றைக் காட்டுங்கள் என்று சொசைட்டி ஆபீஸில் தயங்காமல் கேளுங்கள். மின்சாரம் போனால் ஜெனரேட்டர் எத்தனை லிஃப்ட்டை ஓட்டும் என்பதும் பெற்றோருக்காகக் கேட்க வேண்டியது.

மாதாந்தரச் செலவு வாடகையோடு முடியுமா?

பெங்களூரில் பராமரிப்புக் கட்டணத்தை வாடகைக்கு மேல் தனியாகக் கட்டிப் பழகியவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. மும்பையில் பெரும்பாலும் அது ஓனர் பொறுப்பு, வாடகைக்குள் அடக்கம். விதிவிலக்கும் உண்டு, அதனால் எழுதி வாங்குங்கள். பெரிய டவர்களில் மாதப் பராமரிப்பு 7,500ஐத் தாண்டினால் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும். மின்சாரம் தருவது தீவு நகரத்தில், அதாவது மும்பையின் தென்பகுதியில், பெஸ்ட் (BEST) நிறுவனம், புறநகரில் பெரும்பாலும் அதானி அல்லது டாடா. குழாய் எரிவாயு மகாநகர் கேஸ். சென்ட்ரல் ஏசி உள்ள வளாகமானால் குளிர்நீர்க் கட்டணம் தனியா என்று கேளுங்கள், சில இடங்களில் அது மின்கட்டணத்தை விழுங்கிவிடும்.

ஓனர் உண்மையானவர்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மாநிலப் பதிவுத்துறையின் தளத்தில் ஃப்ளாட்டின் இன்டெக்ஸ்-2 (பதிவான பத்திரத்தின் சுருக்கம்) தேடிப் பார்க்கலாம். சொசைட்டி பராமரிப்பு பில்லில் உள்ள பெயர், சொசைட்டி உறுப்பினருக்குத் தரும் ஷேர் சர்டிபிகேட், மின்கட்டண ரசீது, ஓனரின் பான் நான்கும் ஒத்துப்போக வேண்டும். சொசைட்டி ஆபீஸில் மேனேஜரிடம் ஒரு நிமிடம் பேசினாலே பாதி தெரிந்துவிடும்.

ராணுவ அதிகாரி என்று சொல்லிக்கொண்டு, ஊரில் இல்லை, சாவி கூரியரில் வரும், முதலில் டோக்கன் அனுப்புங்கள் என்பவர்கள் மோசடிக்காரர்கள். பணம் வாங்க கியூஆர் கோடு ஸ்கேன் செய்யத் தேவையே இல்லை, ஸ்கேன் செய்தால் உங்கள் காசுதான் போகும். போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழையுங்கள், முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம்.

காலி செய்யும்போது டெபாசிட்டை எப்படித் திரும்ப வாங்குவது?

மும்பை வழக்கம், சாவி கொடுக்கும் அதே நேரத்தில் டெபாசிட். "ஒரு வாரத்தில் அனுப்புகிறேன்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். பதினைந்து நாளுக்கு முன்பே ஓனரை வரவழைத்துச் சாமான் பட்டியலோடு வீட்டைச் சுற்றிக் காட்டுங்கள். குடிவந்த அன்று எடுத்த வீடியோ அப்போதுதான் கைகொடுக்கும். சாதாரணத் தேய்மானத்துக்குக் காசு பிடிக்கக்கூடாது. உடைந்ததை, கறைபட்டதை நீங்களே ஆள் வைத்துச் சரிசெய்தால் ஓனர் போடும் மதிப்பீட்டைவிடப் பெரும்பாலும் குறைவாகவே முடியும். மின்சாரம், எரிவாயு, இன்டர்நெட் கடைசி ரசீதுகள், சொசைட்டியின் நோ-டியூஸ் (பாக்கி இல்லை என்ற சான்று), கார் ஸ்டிக்கர், ஆக்சஸ் கார்டு எல்லாவற்றையும் தயாராக வையுங்கள். ஷிஃப்டிங்குக்குச் சர்வீஸ் லிஃப்ட் முன்பதிவு செய்ய வேண்டும், பல வளாகங்களில் ஞாயிற்றுக்கிழமை அனுமதி இல்லை.

ஓனர் வெளிநாட்டில் இருந்தால், இங்கே சாவி வாங்கப்போகிறவர் யார், பணம் எந்த நிமிடம் கணக்கில் ஏறும் என்பதை வாரத்துக்கு முன்பே மின்னஞ்சலில் முடிவு செய்யுங்கள். பணம் ஏறிய செய்தி உங்கள் போனில் வந்த பிறகு, சாவியைப் பெற்றுக்கொண்டேன் என்று அவர் கையெழுத்திட்ட தாளை வாங்கிக்கொண்டு சாவியை நீட்டுங்கள்.